ஹெலிகாப்டர் படைத்தளத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: ஓடியம் தளத்தை முன்வைத்து ஒரு வழிகாட்டி

விமானப்படைத் தளம் ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் எந்த ஆண்டில் எந்த விமானம் அங்கே நின்றது என்ற பட்டியலோடு தொடங்கி, அந்தப் பட்டியலோடேயே முடித்தும் விடுகிறார்கள். போர் விமானத் தளங்களுக்கு அந்த முறை ஓரளவு ஒத்துவரும். ஹெலிகாப்டர் தளத்துக்கு ஒத்துவராது. ஹெலிகாப்டர் தனக்காகப் பறப்பதில்லை. எங்கோ தரையில் நிற்கும் படைவீரருக்கு தோட்டாக்களும் குடிநீரும் கொண்டுபோய்ச் சேர்க்கவும், அடிபட்டுக் கிடக்கும் இன்னொருவரைத் தூக்கிவரவுமே அது புறப்படுகிறது. ஆகவே அதன் தளத்தைப் பற்றி எழுதுபவர், 'இந்தத் தளம் இந்தக் காலத்தில் யாருடைய தேவைக்காக இயங்கியது?' என்ற ஒரே கேள்வியைக் காலப்பகுதி தோறும் கேட்டு, அதற்குக் கிடைக்கும் விடையையே வரலாற்றின் முதுகெலும்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை வெறும் விதியாகச் சொல்வதைவிட ஒரு தளத்தை எடுத்துக்கொண்டு செய்துகாட்டுவது நல்லது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஓடியம், பிரிட்டிஷ் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர்களுக்குத் தாய்வீடு. நூறாண்டு நீளும் அதன் கதையில் ஒரு வரலாற்று எழுத்தாளர் சறுக்கக்கூடிய இடங்கள் அனைத்தும் இருக்கின்றன.

யாருக்காக என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்

ஓடியத்தில் விமானங்கள் இறங்கத் தொடங்கியது 1925இல். அப்போது அது கோடைக்கால முகாம் மட்டுமே. தரைப்படையோடு சேர்ந்து பயிற்சி செய்யும் ஒத்துழைப்பு ஸ்குவாட்ரன்கள் (ஸ்குவாட்ரன் என்பது எண்ணால் அழைக்கப்படும் விமானப்படைப் பறக்கும் அணி) வந்து கூடாரமடித்துவிட்டுப் போகும் புல்வெளி. 1930களில் நிரந்தரத் தளமாகக் கட்டப்பட்டு 1937 அக்டோபர் 18 அன்று திறக்கப்பட்ட பிறகும் அங்கே வந்தமர்ந்தவை அதே வகை ஸ்குவாட்ரன்கள்தான். ஹெக்டர் இரட்டைச் சிறகு விமானங்களையும், பின்னர் லைசாண்டர்களையும் ஓட்டிய அந்த விமானிகளின் வேலை, தாழ்வாகவும் மெதுவாகவும் பறந்து தரைப்படைத் தளபதிக்குக் கண்ணாக இருப்பது. 1939இல் போர் மூண்டதும் ஓடியத்தின் ஸ்குவாட்ரன்கள் பிரிட்டிஷ் தரைப்படையோடு பிரான்சுக்குப் போயின.

போருக்குப் பிறகு கதை திசை மாறுகிறது. ஜெட் போர் விமானங்கள் வந்தன. 1948 ஜூலையில் 54ஆவது ஸ்குவாட்ரனின் ஆறு வாம்பயர் விமானங்கள் ஓடியத்திலிருந்து கிளம்பி, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவை அடைந்து, அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஜெட் விமானங்கள் என்ற பெயரைப் பெற்றன. 1953 ஜூலை 15 அன்று முடிசூட்டு ஆண்டை ஒட்டிய விமானப்படை அணிவகுப்பை இரண்டாம் எலிசபெத் அரசி இதே ஓடியத்தில்தான் பார்வையிட்டார். தரையில் முந்நூறு விமானங்கள் வரிசையாக நிற்க, வானில் அறுநூறுக்கும் மேற்பட்டவை கடந்துபோயின. இந்தப் பகுதி பளபளப்பானது என்பதால் பல நூல்கள் இங்கேயே தங்கிவிடுகின்றன. 'யாருக்காக' என்ற கேள்வியைக் கையில் வைத்திருப்பவருக்கு, ஜெட் விமானங்கள் நின்ற இந்தப் பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் ஒரு கிளைப்பாதையாகத் தெரியும். 1959இல் போர் விமானங்கள் விடைபெற்று, 1960இல் தளம் ஹெலிகாப்டர்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டபோது, ஓடியம் தான் பிறந்த வேலைக்கே திரும்பியது. தரைப்படைக்குக் கண்ணாக இருந்த தளம் இப்போது அதன் தோளாயிற்று. 1999 அக்டோபரில் மூன்று படைகளின் போர்க்கள ஹெலிகாப்டர்களையும் ஒரே தலைமைக்குக் கீழ் கொண்டுவந்த கூட்டு ஹெலிகாப்டர் கட்டளையகம் உருவாகி, ஓடியம் அதன்கீழ் வந்ததும் இந்தக் கோட்டின் தொடர்ச்சியே. என் கருத்தில், ஓடியத்தின் வரலாற்றை எழுதுபவர் சொல்ல வேண்டிய தலையாய செய்தி இதுதான். மற்றவை இதைச் சுற்றி அமைய வேண்டும்.

ஆவணத்தை எங்கே தேடுவது

பிரிட்டிஷ் விமானப்படையில் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் நடவடிக்கைப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 540ஆம் எண் படிவத்தில் நாளின் நிகழ்வுச் சுருக்கமும், 541ஆம் எண் படிவத்தில் எந்த விமானம், யார் ஓட்டியது, எப்போது கிளம்பி எப்போது திரும்பியது என்ற விவரமும் இருக்கும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன் பதிவேடுகள் ஏஐஆர் 27 என்ற வரிசையிலும், தளங்களின் பதிவேடுகள் ஏஐஆர் 28 என்ற வரிசையிலும் வைக்கப்பட்டுள்ளன. தொடங்குபவர் தளத்தின் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. யார் பார்வையிட வந்தார்கள், எந்தக் கட்டடம் பழுதுபார்க்கப்பட்டது, கால்பந்துப் போட்டியில் யார் வென்றார்கள் என்பன தளப் பதிவேட்டில் கிடைக்கும். பறந்தது என்ன என்பது ஸ்குவாட்ரன் பதிவேட்டில் கிடைக்கும். இரண்டையும் ஒரே தேதிக்கு எதிரெதிரே வைத்துப் படிக்கும்போதுதான் ஒரு நாள் உருவம் பெறும்.

படிக்கும்போது ஒரு பழக்கம் தேவை. பதிவேட்டை எழுதியவர் பெரும்பாலும் வேறு வேலைகளுக்கு நடுவே அதை எழுதிய இளம் அதிகாரி. அவர் எழுதாமல் விட்டது நடக்காதது என்று பொருளில்லை.

வாய்வழிக் கதையை எப்படிக் கையாள்வது

1937இல் ஓடியம் தளத்தைத் திறந்துவைத்தவர் யார் தெரியுமா? ஜெர்மானிய விமானப்படையின் உயர் தலைவர்களில் ஒருவரான எர்ஹார்ட் மில்ச். இரண்டே ஆண்டுகளில் எதிரியாகப் போகிறவர் வந்து திறந்துவைத்த தளம் என்பது எந்த எழுத்தாளரையும் ஈர்க்கும் செய்தி, அது உண்மையும்கூட. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கதையும் வழங்கிவருகிறது: மில்ச்சுக்குத் தளம் மிகவும் பிடித்துப்போய், இங்கிலாந்தைக் கைப்பற்றியதும் இதையே தம் தலைமையகமாக்கிக்கொள்ளப் போவதாகவும், ஆகவே ஓடியத்தின்மேல் குண்டு போட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தாராம்.

முதல் செய்தியையும் இரண்டாம் செய்தியையும் ஒரே வாக்கியத்தில், ஒரே வினைமுற்றோடு எழுதுவது பெரும் தவறு. முன்னது தேதியோடு நிற்கும் நிகழ்வு. பின்னது கர்ணபரம்பரையாக வந்தது. அதை நீக்கிவிடவும் கூடாது, ஏனெனில் அந்தத் தளத்தில் வேலை செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதே வரலாற்றின் ஒரு பகுதி. தமிழில் இதற்கு அருமையான வசதி இருக்கிறது. 'சொன்னார்' என்பதற்கும் 'சொன்னாராம்' என்பதற்கும் நடுவே உள்ள அந்த 'ஆம்' ஒன்றே போதும், வாசகர் புரிந்துகொள்வார். அதைப் பயன்படுத்துங்கள்.

ஸ்குவாட்ரன் எண்ணை நம்பி வழிதவறாதீர்கள்

தளம் ஊன்றி நிற்பது, ஸ்குவாட்ரன் இடம்பெயர்வது. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் எழுதிய கட்டுரைகளில், ஓடியத்துக்கு உரியது வேறு தளத்துக்கும், வேறு தளத்துக்கு உரியது ஓடியத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். 18ஆவது ஸ்குவாட்ரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் ஓடியத்தில் வெஸெக்ஸ் ஹெலிகாப்டர்களோடு உருவாகிறது. பின்னர் ஜெர்மனிக்குப் போகிறது. 1981இல் மறுபடி ஓடியத்தில் சினூக்குகளோடு புத்துயிர் பெறுகிறது. 1983இல் மீண்டும் ஜெர்மனியின் கூட்டெர்ஸ்லோவுக்குப் போகிறது. பிற்காலத்தில் ஓடியத்துக்கே திரும்புகிறது. எண் ஒன்றுதான், ஆனால் எந்த ஆண்டைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து ஊரும் ஹெலிகாப்டரும் மாறும். பூமா ஹெலிகாப்டர்களோடு 1971இல் ஓடியத்தில் உருவான 33ஆவது ஸ்குவாட்ரனும் 1997இல் பென்சன் தளத்துக்குக் கிளம்பிவிட்டது. எனவே ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் வந்த நாள், போன நாள், கையில் வைத்திருந்த ஹெலிகாப்டர் ஆகிய மூன்றையும் தாளில் ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொண்ட பிறகே பேனாவைத் தொடுங்கள்.

கலைச்சொல் பற்றியும் இங்கேயே முடிவெடுத்துவிடுவது நல்லது. ஸ்குவாட்ரன் என்பதைப் 'படைப்பிரிவு' என்று எழுதினால் தரைப்படைப் பிரிவுகளோடு குழம்பும் என்பதால் நான் ஸ்குவாட்ரன் என்றே எழுதுகிறேன். ஹெலிகாப்டரை இலங்கைத் தமிழ் ஏடுகள் உலங்கு வானூர்தி என்று எழுதுகின்றன, அழகான சொல். எதைத் தேர்ந்தாலும் கடைசி வரி வரை அதையே காப்பாற்றுங்கள்.

கொக்கியைப் பின்தொடருங்கள்

ஹெலிகாப்டர் தளத்தின் பணியை வாசகருக்குக் கண்முன் கொண்டுவர எளிய வழி, ஹெலிகாப்டரின் அடிவயிற்றில் தொங்கும் கொக்கியைப் பின்தொடர்வது. அதில் எந்தக் காலத்தில் என்ன தொங்கியது என்று கேட்டாலே தளத்தின் பங்கு விளங்கிவிடும்.

ஓடியத்தின் முதல் பெரிய ஹெலிகாப்டர் பெல்வடேர். முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு ரோட்டார்கள் (மேலே சுழலும் இறக்கைத் தொகுதிகள்) கொண்ட அதில் மொத்தம் 26 மட்டுமே செய்யப்பட்டன. 1962இல், போரில் குண்டுவீச்சுக்கு இரையான பழைய ஆலயத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த காவென்ட்ரி பேராலயத்தின் உச்சிக்கு, ஏறத்தாழ 80 அடி உயரமுள்ள மெல்லிய உலோகக் கோபுர முனையைக் கொக்கியில் தூக்கிச் சென்று இறக்கியது 72ஆவது ஸ்குவாட்ரனின் பெல்வடேர் ஒன்று. படைத்தளத்தின் வரலாற்றில் ஓர் ஆலயத்தின் கோபுரம் இடம்பெறுவதைக் கண்டு சிலர் அதை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளக் கூடாது. கனமான பொருளைத் தொங்கவிட்டபடியே ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் திறமை போர்க்களத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு ஊருக்கும் தேவை என்பதற்கு அது முதல் சான்று. 2019 ஆகஸ்டில் டார்பிஷயரின் வேலி பிரிட்ஜ் ஊருக்கு மேலே டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் கலிங்கு உடைந்து, ஊரின் ஒரு பகுதியைக் காலிசெய்ய வேண்டிவந்தபோது, கல்லும் மண்ணும் நிரப்பிய மூட்டைகளை வரிசையாகக் கொண்டுவந்து உடைப்பில் இறக்கி அணையைத் தாங்கியது சினூக். மொத்தம் சுமார் 400 டன்.

சினூக் ஓடியத்துக்கு வந்தது 1980இன் இறுதியில். இதிலும் இரண்டு ரோட்டார்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 18 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால் ஒன்றின் முறுக்கை மற்றது சமன்செய்துவிடுகிறது. ஆகவே வால் ரோட்டாரே தேவையில்லை, எந்திரங்களின் வலிமை முழுவதும் தூக்குவதற்கே போகிறது. இரண்டு ரோட்டார்களின் இறக்கைகளும் நடுவில் ஒன்றின் வட்டத்துக்குள் மற்றொன்று புகுந்து புறப்படும். அவை மோதிக்கொள்ளாமல் இருப்பது, முதுகு நெடுகிலும் ஓடி இரண்டையும் பிணைக்கும் சுழல்தண்டின் புண்ணியம். அடியில் ஒன்றுக்கு மூன்று கொக்கிகள் இருப்பதால், நீளமான சரக்கை இரண்டு முனையிலும் பிடித்து ஆடாமல் கொண்டுபோக முடியும்.

சரக்கை மாட்டும் காட்சியை ஒரு முறையேனும் விரிவாக எழுதுங்கள். தளத்தில் நாள்தோறும் நடக்கும் பயிற்சி அதுதான். ஹெலிகாப்டர் தலைக்கு மேலே சில அடி உயரத்தில் வந்து நிற்கிறது. கீழே நிற்பவர்கள் புயலில் நிற்பவர்களைப் போல உடலை முன்சாய்த்துக் கால் ஊன்றிக்கொள்கிறார்கள். தூசியும் புல்லும் சிறுகற்களும் முகத்தில் அறைகின்றன. பறந்துவந்த ஹெலிகாப்டரின் உடலில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும் என்பதால் கொக்கியை வெறுங்கையால் தொடக் கூடாது. ஒருவர் முதலில் தரையோடு இணைத்த கோலால் கொக்கியைத் தொட்டு அந்த மின்சாரத்தை இறக்குகிறார், அதன் பிறகே மற்றவர் கண்ணியை மாட்டுகிறார். இவ்வளவு நேரமும் விமானிக்குச் சரக்கு கண்ணில் படுவதே இல்லை. ஹெலிகாப்டரின் தரையில் உள்ள திறப்பின் வழியே குனிந்து பார்க்கும் பணியாளர்தான் 'முன்னே இன்னும் கொஞ்சம், வலப்பக்கம் ஓர் அடி, நில்' என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். விமானி அந்தக் குரலை நம்பியே கைப்பிடியை அசைக்கிறார். சினூக்கின் குழு நால்வர்: இரண்டு விமானிகள், பின்னால் இருவர். ஹெலிகாப்டர் தளத்தின் வரலாற்றில் விமானிகளின் பெயர்கள் மட்டுமே நிறைந்திருந்தால் அந்தப் பின்னால் இருவர் விடுபட்டுப்போனார்கள் என்று பொருள். எழுதி முடித்ததும் இதை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஹெலிகாப்டரின் வாழ்க்கையைத் தொடருங்கள்

தளத்தின் கதையை முழுவதும் சொல்ல முயன்று களைத்துப்போகும்போது, ஒரு குறிப்பிட்ட ஹெலிகாப்டரின் பதிவெண்ணைப் பிடித்துக்கொண்டு நடப்பது கைகொடுக்கும். ஓடியத்தின் சினூக்குகளில் அதற்கு ஏற்றது இசட்ஏ718. பிஎன் என்ற எழுத்து அடையாளத்தால் 'பிராவோ நவம்பர்' என்று அழைக்கப்பட்டது.

1982இல் ஃபாக்லாந்து போருக்காக அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலில் தெற்கே சென்ற நான்கு சினூக்குகளில் இதுவும் ஒன்று. மே 25 அன்று அர்ஜென்டினாவின் எக்ஸோசெட் ஏவுகணைத் தாக்குதலில் கப்பல் தீப்பற்றியபோது வானில் பறந்துகொண்டிருந்தது இது மட்டுமே; மற்ற மூன்றும் கப்பலோடு போயின. உதிரிப் பாகங்கள், கருவிகள், கையேடுகள், மசகெண்ணெய் எல்லாமே போயின. எஞ்சியிருந்தது ஒரு ஹெலிகாப்டரும் அதை ஓட்டவும் பேணவும் தெரிந்த சிலரும். மே மாத இறுதியில், கென்ட் மலைக்குப் பீரங்கிகளை இறக்கிவிட்டு இரவில், பனிப்பொழிவில் திரும்பும்போது கடல் நீரிலேயே மோதி, மோதிய வேகத்தில் எழும்பி மீண்டும் பறந்தது. பின்னர் ஒரே நடையில் 81 வீரர்களை ஏற்றிச் சென்றது. போர் முடிவதற்குள் சுமார் 1,500 வீரர்களையும், 600க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளையும், சுமார் 550 டன் சரக்கையும் அது சுமந்ததாகக் கணக்கிடப்படுகிறது. கடலில் மோதிய அந்த இரவு அதை ஓட்டிய டிக் லாங்வொர்த்திக்குச் சிறப்புமிக்க பறத்தல் சிலுவை வழங்கப்பட்டது. 2003இல் ஈராக்கிலும், 2006, 2010 ஆண்டுகளில் ஆப்கானிஸ்தானிலும் இதே ஹெலிகாப்டரை ஓட்டிய மூவருக்கும் அதே விருது கிடைத்தது. 2022 முதல் அது காஸ்ஃபர்டில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இந்தக் கதையை வெறும் வீரக்கதையாக முடிப்பது எளிது. தளத்தின் வரலாறு எழுதுபவர் ஒரு படி மேலே போய், உதிரிப் பாகமே இல்லாமல் அது எப்படி ஓடியது என்று கேட்க வேண்டும். கையேடு கடலில் போனாலும் கையேட்டில் இருந்தது பொறியாளர்களின் விரல்களில் இருந்தது. அதை ஏற்றிவைத்தது ஓடியத்தின் கொட்டகைகளில் அவர்கள் கழித்த மாதங்கள். ஓடுபாதையும் கட்டடங்களும் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்க, தளம் என்பது அந்தச் சிலருடைய பயிற்சியாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

இழப்பை எழுதும்போது

1994 ஜூன் 2 அன்று வட அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குச் சென்றுகொண்டிருந்த இசட்டி576 என்ற சினூக், மூடுபனியில் கின்டைர் முனையின் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த 29 பேரும் இறந்தார்கள். 1995இல் வந்த தீர்ப்பு, இறந்துபோன இரண்டு விமானிகளின் கடும் கவனக்குறைவே காரணம் என்றது. குடும்பத்தினரும் நண்பர்களும் பதினாறு ஆண்டுகள் விடாமல் போராடினார்கள். 2011 ஜூலையில் வெளியான மறுஆய்வுக்குப் பிறகு அந்தத் தீர்ப்பு ரத்துசெய்யப்பட்டு, அரசு மன்னிப்பும் கேட்டது. 1995க்கும் 2011க்கும் இடையில் அச்சான நூலை மட்டும் வைத்துக்கொண்டு இன்று எழுதுபவர், நீக்கப்பட்ட பழியை மீண்டும் அந்த இருவர்மேல் சுமத்துகிறார். விபத்து எதைப் பற்றி எழுதினாலும், அதுபற்றி கடைசியாக வந்த முடிவு எந்த ஆண்டுக்குரியது என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இதில் சோம்பல் காட்டுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

எழுதக் கூடாதவை

ஓடியத்தில் இப்போது 7, 18, 27 ஆகிய ஸ்குவாட்ரன்கள் சினூக்குகளை இயக்குகின்றன. அவற்றில் 7ஆவது ஸ்குவாட்ரன் சிறப்புப் படைகளுக்குத் துணைநிற்பது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் சியரா லியோனில் பிணைக்கைதிகளை மீட்ட நடவடிக்கை போன்ற சில மட்டுமே வெளியே தெரியும். வெளியாகாதவற்றை ஊகத்தால் நிரப்ப வேண்டாம். இயங்கிக்கொண்டிருக்கும் தளத்தின் இன்றைய காவல் ஏற்பாடு, பறக்கும் நேரம், பணிபுரிவோரின் குடியிருப்பு போன்றவை கண்ணில் பட்டாலும் எழுத்தில் வரக் கூடாது.

இந்தியாவில் இதே வேலையைச் செய்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டத்தின்கீழ் படைத்தளங்கள் தடைசெய்யப்பட்ட இடங்கள். வேலிக்கு வெளியே நின்று கைபேசியில் ஒரு படம் எடுப்பதும் வழக்கில் போய் முடியக்கூடும். ஆனால் எழுதுவதற்கு வெளிப்படையான செய்திகள் ஏராளம். அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் இருந்த இடத்தில் 1992 மார்ச்சில் கடற்படைத் தளமாக எழுந்து, கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளை உருவாக்கும் பயிற்சிப் பள்ளிக்கும் இடமளித்திருக்கிறது. ஓடியத்துக்குக் கேட்ட 'யாருக்காக' என்ற கேள்வியை அங்கே கேட்டால் விடை கடலை நோக்கிப் போகும். அதைத் தமிழில் விரிவாக எழுதும் ஒருவர், அரக்கோணத்தின் பழைய ரயில்வே ஊழியர்கள், தளம் கட்டப்பட்டபோது வேலைக்குச் சென்ற சுற்றுக் கிராமத்தார், ஓய்வுபெற்ற பராமரிப்புப் பணியாளர்கள் ஆகியோரிடமிருந்து தொடங்கலாம். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருப்பதால், காப்பகத்துக்குப் போவதற்கு முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது.